வீதி யாருக்கு உரியது?

வீட்டை அதன் உடையவர் தம் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம். வீதியை அவ்வாறு அமைத்துக்கொள்ளுதல் எவர்க்கும் இயலாது. அஃது ஊரார் அனைவர்க்கும் பொது. அதில் நடந்து செல்வோர் உளர். வண்டியில் விரைவோர் உளர். கூடையை இறக்கிவைத்துப் பூவும் காயும் விற்றுப் பிழைப்போர் உளர். இவர்கள் எல்லோருக்கும் வீதி வேண்டும். வீதியின் அகலமோ ஓர் அளவுக்கு உட்பட்டது. ஒரு சாரார்க்கு மிகுதியாக இடம் கொடுத்தால் மற்றொரு சாரார்க்கு அது குறைந்தே தீரும். ஆதலின் மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் எல்லாம், வீதியை எவ்வாறு பங்கிடுவது என்னும் வழக்கு ஓயாமல் நிகழ்ந்து வருகின்றது. அவ்வழக்கின் தன்மையை அறிவதற்குச் சென்னை மாநகரின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சென்னை ஒரே திட்டத்தின்படி எழுந்த நகரம் அன்று. ஆங்கிலேயர் 1639-ஆம் ஆண்டில் கடற்கரையோரம் நிலம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவான்மியூர், திருவொற்றியூர் ஆகிய ஊர்கள் சிறந்து விளங்கின. அவ்வூர்களின் நடுவே கோயிலும் குளமும் இருந்தன. அவற்றைச் சுற்றி மாடவீதிகள் அமைந்தன. தேர் திரும்புவதற்கும் திருவிழாக் கூட்டம் நிற்பதற்கும் வேண்டிய அகலம் மாடவீதிகளுக்கு இருந்தது. மற்றத் தெருக்கள் குறுகியனவாயினும், நடந்து செல்வோர்க்கு அவை போதியனவாகவே இருந்தன. வீடும் கடையும் கோயிலும் கூப்பிடு தொலைவில் இருந்தமையால், நெடுந்தொலைவு செல்ல வேண்டிய தேவை நாள்தோறும் எழவில்லை.

கோட்டையை அடுத்து எழுந்த குடியிருப்புகள் நாளடைவில் பெருகின. 1688-ஆம் ஆண்டில் நகராட்சி மன்றம் ஏற்பட்டது. 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியனவும், 1708-இல் நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் முதலியனவும் ஆங்கிலேயர் ஆட்சி எல்லைக்குள் வந்தன. இவ்வாறு ஊர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நகரமாயின. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாட்டுவண்டிகள் சென்ற தடங்களே பிற்காலத்தில் பெருஞ்சாலைகள் ஆயின. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் சென்ற சாலையே இந்நாளில் அண்ணா சாலை என வழங்குகின்றது. மாட்டுவண்டிக்கென ஏற்பட்ட வழிகளில் இன்று இலட்சக்கணக்கான உந்துவண்டிகள் ஓடுகின்றன. இந்நகரின் நெரிசலுக்கு இது முதற்காரணம் எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய ஊர்திகள் வந்தன. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் ஓடியது. 1895-இல் சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. இந்தியாவில் மின்சாரத்தால் இயங்கிய முதல் டிராம் வண்டிகள் இவையே. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடலாயிற்று. அதன் பயனாக மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களில் குடியிருந்தவர்கள் நாள்தோறும் நகருக்குள் வந்து வேலை பார்த்துத் திரும்புதல் எளிதாயிற்று. இருப்புப்பாதை எவ்வழியே சென்றதோ அவ்வழியே நகரமும் நீண்டது. போக்குவரவு நகரத்தைப் பின்தொடர்ந்து வருவது மட்டுமன்று, நகரத்தின் வடிவையே ஆக்கவும் வல்லது என்பது இதனால் விளங்கும்.

டிராம் வண்டிகள் 1953-ஆம் ஆண்டில் நின்றன. அவற்றை நடத்திய நிறுவனத்துக்கு இழப்பு மிகுந்தது. பேருந்துகளின் போட்டியும் பெருகியது. டிராம் தண்டவாளத்தைவிட்டு விலக மாட்டாது. எதிரே ஒரு வண்டி பழுதுபட்டு நின்றால் அதுவும் நிற்க வேண்டியதே. பேருந்தோ வேண்டிய தெருவில் திரும்பும். ஆதலின் பேருந்தே காலத்துக்கு ஏற்றது எனப் பலரும் எண்ணினர். ஆயினும் டிராமுக்கு ஒரு சிறப்பு இருந்தது. வீதியின் நடுவில் பதிந்த தண்டவாளம், பொதுமக்கள் ஊர்தியின் வழி இது என எல்லோர்க்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. தண்டவாளம் மறைந்தபின் அவ்விடத்தைப் பேருந்து பெறவில்லை. வண்டிகள் அனைத்தும் ஒரே வழியில் கலந்து ஓடின. அக்கலப்பில் ஐம்பது பேரை ஏற்றிய பேருந்தும் ஒருவரை ஏற்றிய காரும் ஒரே வரிசையில் நின்றன.

நகரைத் திட்டமிட்டு அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின், மாம்பலத்தை அடுத்திருந்த நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைக்கப்பெற்றது. நடுவில் பனகல் பூங்கா; அதைச் சுற்றிப் பல திசைகளிலும் பிரியும் சாலைகள்; தோட்டத்துடன் கூடிய வீடுகள்; இதுவே அதன் அமைப்பு. அமைதியான குடியிருப்பாக இருக்கும் என எண்ணி வகுத்த அந்நகர் சில பத்தாண்டுகளுள் பெருவணிகக் களமாக மாறிவிட்டது. மாம்பலம் இரயில் நிலையத்திலிருந்து வரும் மக்கள் வெள்ளம் குறுகிய இரங்கநாதன் தெருவில் பாய்ந்தது. வரைபடம் ஒன்றைக் கருத, வாழ்க்கை வேறொன்றைச் செய்தது. ஏரியைத் தூர்த்ததன் விளைவும் பின்னர்த் தெரிந்தது. ஏரி இருந்த இடம் தாழ்ந்த நிலமாதலின் பெருமழையில் அங்கு நீர் தேங்குகின்றது. நகரமைப்பவர் மக்கள் போகும் வழியோடு மழைநீர் போகும் வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பின் உந்துவண்டிகளின் தொகை ஏறியது. நாற்சந்திகளில் வண்டிகள் நெடுநேரம் காத்துநின்றன. அத்தடையை நீக்க மேம்பாலங்கள் எழுந்தன. ஜெமினி படப்பிடிப்பு நிலையம் இருந்த இடத்தருகே 1973-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அண்ணா மேம்பாலமே சென்னையின் முதல் மேம்பாலம். 1990-ஆம் ஆண்டுகளின் இறுதியிலும் அதன் பின்னரும் மேலும் பல மேம்பாலங்கள் கட்டப்பட்டன. 2008-இல் கத்திப்பாராவில் திறந்த மேம்பாலம், பல திசைச் சாலைகளைப் பூவிதழ் போன்ற வளைவுகளால் இணைக்கின்றது. நேரே செல்லும் வண்டி குறுக்கே வரும் வண்டிக்காகக் காத்திராமல் மேலே கடந்து செல்வதால் அச்சந்தியில் நெரிசல் குறைகின்றது. இது கண்கூடான பயன்.

எனினும் இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். ஒரு சந்தியில் தடையின்றிக் கடந்த வண்டிகள் அடுத்த சந்தியில் ஒருங்கே வந்து குவிகின்றன. ஆகவே நெரிசல் தீரவில்லை, இடம் பெயர்ந்தது என்பது அவர் வாதம். மேலும் ஒரு காரணமும் காட்டுவர். சாலை அகன்றது எனக் கேட்டவுடன், முன்பு வேறு வழியில் சென்றவரும் வேறு நேரத்தில் சென்றவரும் பேருந்தில் சென்றவரும் தத்தம் வண்டியோடு அச்சாலைக்கு வருவர். சில ஆண்டுகளில் சாலை மீண்டும் நிரம்பும். அந்தோனி டௌன்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இவ்வுண்மையை 1962-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். பசித்தவனுக்கு இட்ட சோறு பசியைத் தணிக்கும். வண்டிகளுக்கு இட்ட சாலையோ மேலும் வண்டிகளை அழைக்கும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வீதியில் எத்தனை வண்டிகள் செல்கின்றன என்று எண்ணுவதை விடுத்து, எத்தனை மக்கள் செல்கின்றனர் என்று எண்ண வேண்டும் என்பர் நகரமைப்பு வல்லுநர். ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். நகரப் பேருந்து ஒன்றின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். கார் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 4 மீட்டர். ஆகவே ஒரு பேருந்தின் நீளத்தில் மூன்று கார்கள் நிற்கும். ஒவ்வொரு காரிலும் நால்வர் நிறைந்திருந்தாலும் பன்னிருவரே ஆவர். பெரும்பாலான கார்களில் ஒருவர் அல்லது இருவரே செல்கின்றனர். அதே நீளத்தில் பேருந்து நாற்பது ஐம்பது பேரை ஏற்றிச் செல்கின்றது. ஆகவே பேருந்துக்கெனத் தனிவழி விடுதல் காரில் செல்வோர்க்கு இழைக்கும் தீங்கு ஆகாது. தலைக்கு இத்தனை இடம் எனப் பங்கிடும் நேர்மையே ஆகும் என்பது அவர் கருத்து. இதற்கு எதிர்வாதமும் உண்டு. குறுகிய சாலையில் பேருந்துக்கு ஒரு பகுதியை ஒதுக்கினால் எஞ்சிய வண்டிகள் முற்றும் நின்றுவிடும் என்றும், நோயாளரை ஏற்றி வரும் வண்டி எவ்வழியே செல்லும் என்றும் கேட்பர். இவ்வினாக்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஒவ்வொரு சாலையையும் அளந்தறிந்தே இவற்றுக்கு விடை காண வேண்டும்.

வண்டிகளைப் பற்றிய வாதத்தில் அடிக்கடி மறக்கப்படுபவர் நடந்து செல்வோர். பேருந்தில் வருபவரும் இரயிலில் வருபவரும் முதலிலும் முடிவிலும் நடப்பவரே. பள்ளிச் சிறுவரும் முதியோரும் கண்ணிழந்தோரும் நடைபாதையையே நம்பி உள்ளனர். நடைபாதை உடைந்திருந்தாலும், அதன்மேல் வண்டிகள் நின்றாலும் அவர்கள் சாலையில் இறங்குதல் தவிர வேறு வழியில்லை. அங்கே வேகம் அவர்களை அச்சுறுத்துகின்றது. ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பது பௌதிக நூல் கூறும் விதி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுமாயின், அதன் மோதும் ஆற்றல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகும். ஆகவே சில நிமிடங்களை மிச்சப்படுத்துவதற்காக ஏற்றும் வேகம், குறுக்கே நடப்பவரின் உயிருக்கு உலையாகின்றது.

இதனை உணர்ந்த சென்னை மாநகராட்சி, 2014-ஆம் ஆண்டில் நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதன்மை தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரவுக்கென ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 விழுக்காடு இவர்களுக்கான பணிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. அகன்ற நடைபாதைகள் பல சாலைகளில் அமைந்தன. தியாகராய நகரின் பாண்டி பசாரில் சாலையின் அகலத்தைக் குறைத்து, நடப்போர்க்கும் அமர்வோர்க்கும் இடம் விட்ட புதிய அமைப்பு 2019-இல் திறக்கப்பட்டது. கார் நிறுத்த இடம் குறைந்தால் வாங்க வருவோர் குறைவர் என்று அஞ்சுவோரும், நடப்பதற்கு இனிய தெருவில்தான் மக்கள் நின்று நிதானமாக வாங்குவர் என்று நம்புவோரும் இத்தகைய முயற்சிகளில் எதிரெதிரே நிற்பர். நடைபாதை வணிகர் பற்றிய வினாவும் இதனோடு பிணைந்ததே. அவர்களை அகற்றினால் நடப்பதற்கு இடம் கிடைக்கும். அவர்கள் பிழைப்புக் கெடும். அவர்களுக்கென இடம் வகுத்து உரிமை அளிக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் ஒன்று கூறுகின்றது.

தெருவில் இடமில்லை எனின் தெருவுக்கு மேலோ கீழோ செல்லலாம் என்பது மற்றொரு வழி. கடற்கரை நிலையத்திலிருந்து தொடங்கும் பறக்கும் இரயில் இவ்வெண்ணத்தில் பிறந்தது. அது 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் ஓடலாயிற்று. குடியிருப்புகளை இடிப்பதைத் தவிர்க்கும் பொருட்டு அதன் பாதையில் பெரும்பகுதியைப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அமைத்தனர். 1877-78-இல் பெரும்பஞ்சம் வருத்தியபோது, கூலி வேலை தேடிய ஏழை மக்களைக்கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய் அது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற அந்நீர்வழியில் இரயிலைத் தாங்கும் தூண்கள் நின்றன, கால்வாய் குறுகியது. நிலத்தின் விலை மிச்சமாயிற்று. நீரின் வழி செலவாயிற்று. பேருந்து நிறுத்தங்களோடு நன்கு இணையாத நிலையங்கள் பல இருந்தமையால், எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகளும் வரவில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையில் எஞ்சிய ஏறத்தாழ 5 கிலோமீட்டர்ப் பாதை, நிலம் பெறுவதில் எழுந்த வழக்குகளால் பல்லாண்டுகள் தடைப்பட்டது. சிறு இடைவெளி ஒன்று நீண்ட பாதையின் பயனையே குறைக்கும் என்பதற்கு இது சான்று.

2015-ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. 2019-இல் அதன் முதற்கட்டம் நிறைவுற்றது. இரண்டாம் கட்டம் மூன்று தடங்களில் ஏறத்தாழ 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு வகுக்கப்பட்டது. அதன் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆகின்றது. இப்பெருந்தொகையைக்கொண்டு எத்தனையோ பேருந்துகள் வாங்கலாமே என்பர் ஒரு சாரார். பேருந்து எத்தனை வந்தாலும் அதே நெரிசலில்தானே நிற்கும். மழையிலும் வெயிலிலும் குறித்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசேர்ப்பது இரயில் ஒன்றே என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. இரயில் நெடுந்தொலைவுக்கு ஏற்றது. அந்நிலையத்திலிருந்து வீடு சேர்வதற்குப் பேருந்தும் நடைபாதையும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவு பெறாது.

போக்குவரவு வசதி ஏழை மக்களின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளில் குடிசையமைத்து வாழ்ந்தவர் பலர், நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்டனர். 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் இவ்வாறு பெயர்ந்தோர் பலர். வெள்ளம் அணுகாத உறுதியான வீடு கிடைத்தது. ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்ணொருத்தி முன்பு நடந்து சென்ற இடத்துக்கு இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டியதாயிற்று. கட்டணமும் நேரமும் கூலியின் ஒரு பகுதியை விழுங்கின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புதல் அரிதாயிற்று. அத்தகையோர்க்கு, 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என வந்த அரசாணை பெருந்துணை ஆயிற்று. ஆயினும் கட்டணம் நீங்கினால் மட்டும் போதாது. பேருந்து நேரத்துக்கு வருதலும் வேண்டும்.

பேருந்து நிலையங்களை நகருக்கு வெளியே கொண்டுசெல்வது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனைப் பகுதியில் குவிந்தமையால், 2002-ஆம் ஆண்டில் அவற்றுக்கெனக் கோயம்பேட்டில் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்தும் நகரம் வளர்ந்துவிட்டமையால், தெற்கே செல்லும் பேருந்துகளுக்காக 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் மற்றொரு நிலையம் திறக்கப்பட்டது. நகருக்குள் நெரிசல் குறைதல் நன்மையே. ஆனால் திறந்த நாளில் அதனருகே இரயில் நிலையம் இல்லை. மூட்டையும் குழந்தையுமாக விடியற்காலையில் வந்திறங்கியவர்கள், வடசென்னை சென்று சேர்வது எவ்வாறு எனத் திகைத்தனர். நிலையத்தைக் கட்டுமுன் அதற்குச் செல்லும் வழியை அமைத்தல் முறை என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி கற்பித்தது.

கடற்கரையோர நொச்சிக்குப்பத்தில் எழுந்த வழக்கு, வீதி யாருக்கு உரியது என்னும் வினாவை நேராகவே எழுப்பியது. மெரினாவின் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே மீனவர் குடியிருப்புகளின் ஊடே இணைப்புச் சாலை ஒன்று செல்கின்றது. அங்கே மீனவப் பெண்கள் சாலையோரம் அமர்ந்து மீன் விற்று வந்தனர். வண்டிகளுக்கு அது தடையாகின்றது என்னும் வழக்கை 2023-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது, கடைகள் அகற்றப்பட்டன. சாலை வருவதற்கு முன்பே இக்கரையில் வாழ்ந்தவர் தாங்கள் எனக் கூறி மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வழியே அலுவலகம் செல்வோர்க்குச் சாலை வேண்டும். அன்று பிடித்த மீனை அன்றே விற்க வேண்டியவர்க்குக் கரையோரம் ஓர் இடம் வேண்டும். 2024-இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலையையும் பிழைப்பையும் ஒருங்கே காக்க முயல்வதே நகரமைப்பின் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

சென்னையில் பேருந்தை ஓர் அமைப்பும், இரயிலை மற்றோர் அமைப்பும், மெட்ரோவை வேறோர் அமைப்பும், நடைபாதையை மாநகராட்சியும் கவனித்து வந்தன. ஒன்று தோண்ட மற்றொன்று மூடும் நிலை இதனால் ஏற்பட்டது. இவற்றை இணைத்து நடத்துவதற்கென 2010-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் செயற்படத் தொடங்கியது. பேருந்து, மின்சார இரயில், மெட்ரோ ஆகிய மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டுப் பெறும் வசதி 2025-ஆம் ஆண்டில் கைப்பேசி வழியே வந்தது. சீட்டு ஒன்றானது போல நிலையங்களும் நிறுத்தங்களும் நடைபாதைகளும் ஒன்றோடொன்று இணையும் நாளில், இந்நகரில் பயணம் செய்தல் எளிதாகும்.

மயிலையின் மாடவீதியில் இன்றும் பங்குனித் திருவிழாவின்போது தேர் ஓடுகின்றது. அன்று அவ்வீதியில் மற்ற வண்டிகள் நுழையா. முதியோரும் சிறுவரும் அச்சமின்றி நடப்பர். வடத்தைப் பலரும் ஒரே திசையில் இழுப்பதால் தேர் நகர்கின்றது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது தமிழர் நெடுநாள் அறிந்த முறை. பொறியாளரும் ஆட்சியாளரும் வணிகரும் நடப்போரும் தத்தம் நலத்தை மட்டும் எண்ணி வெவ்வேறு திசைகளில் இழுப்பின் நகரம் நின்ற இடத்திலேயே நிற்கும். மெலிந்தவர் எவரோ, மெல்ல நடப்பவர் எவரோ, அவருக்கு முதலில் வழி விட்டு, மற்றவர் பின்னர்த் தம் வழியை வகுத்துக்கொள்வாராயின் வீதி அனைவர்க்கும் உரியதாகும்.